மூன்றாவது கார்டு

இரண்டு பேர்தான் உள்ளே போனார்கள். வாசலில் இருந்த கருவி மூன்று முறை மணியடித்தது.

பெரிய மணியெல்லாம் இல்லை. கடையில் பில் போடும்போது கேட்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன ‘டிங்’. முதல் மணிக்குத் திரையில் அவருடைய படம் வந்தது. இரண்டாவதற்கு மனைவியின் படம். மூன்றாவதற்கு அம்மாவின் படம். காவலர் மூன்று கார்டுகளையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருடைய தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்து, வழியை மறித்திருந்த கயிற்றை இன்னும் ஒரு முழம் விலக்கிப் பிடித்தார். “மெதுவா வாங்கம்மா” என்றார். இவர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் அடுத்த குடும்பம் நாலடி தள்ளி நின்றது. நடுவில் வெறும் தரை. அதில் யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள்.

மனைவி அதற்குள் கப்பலுக்குப் போகும் பாலத்தில் பாதி தூரம் நடந்துவிட்டாள். அம்மா பின்னால், கண்ணாடிச் சுவர் வைத்த காத்திருப்புக் கூடத்தில், சக்கர நாற்காலிகளுக்கான மூலையில் இருந்தாள். பயணம் என்றால் எல்லோருடைய டிக்கெட்டும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். கேட்டவுடன் கற்றையாக எடுத்து நீட்டிவிடுவார். அந்தக் கைப்பழக்கத்தில் அம்மாவின் கார்டும் சேர்ந்து போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காவலர் அந்தப் பதிவை அந்த இடத்திலேயே அழித்திருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் இருந்தவர் நெருங்கி வந்து பெட்டியால் அவர் குதிகாலை இடித்தார், இவர் நகர்ந்துவிட்டார்.

இதே தப்பை வேறு யார் செய்திருந்தாலும் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம். அவர் செய்யலாமா? இருபத்தொன்பது வருடமாக ஒரு பேட்டரி தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் பார்ப்பவர். காலையில் கேட்டில் ஆயிரத்து இருநூறு பேர் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போவதைக் கண் கொட்டாமல் பார்ப்பதுதான் பிழைப்பு. ‘ரெஜிஸ்டர்’ என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. வராத நண்பனுக்காக அவன் கார்டைச் சேர்த்துத் தேய்க்கிற ஆட்களை எட்டு வருடத்தில் பதினேழு பேரைப் பிடித்திருக்கிறார். போன வருடம்கூட ஒரு வெல்டர், பிரசவத்துக்கு மனைவியைக் கூட்டிப்போன கூட்டாளிக்காகக் கார்டு தேய்த்து மாட்டிக்கொண்டான். இரண்டு வாரம் வேலையை விட்டு நிறுத்த எழுதிக்கொடுத்தது இவர்தான். எழுதியதோடு விட்டாரா? ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் அவனை நிற்க வைத்து, உள்ளே தீப்பிடித்தால் இல்லாதவனைத் தேடிக்கொண்டிருப்போம், இருக்கிறவனைக் கோட்டை விட்டுவிடுவோம், இதுகூடத் தெரியாதா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் தலை குனிந்து நின்றான்.

எந்த நேரத்துக்கு ஏறுவது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. கப்பல் கிளம்புவது மாலை ஐந்துக்கு. பகல் பதினொன்றரையிலிருந்து நாலு வரை அரை மணிக்கு ஒரு குழுவாக ஏற்றுவார்கள். நமக்கு வேண்டிய நேரத்தை நாமே எடுத்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி கடைசிக் குழுவாகப் போகலாம் என்றாள். கூட்டம் கலைந்திருக்கும், அத்தைக்கும் சிரமம் இருக்காது. அவர் ரயிலுக்கே ஒரு மணி நேரம் முன்னால் போய் பிளாட்பாரத்தை அளக்கிற ஆள். பன்னிரண்டு மணி என்று அடம்பிடித்து வாங்கினார். துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கடல்மட்டம் மாறிப் பாலத்தின் சாய்வு குறைகிற இரண்டரை மணிக்குத்தான் சக்கர நாற்காலிகளை ஏற்றுவார்களாம். வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டுமாம்.

“சேர்ந்தே இருந்து சேர்ந்தே போலாங்க. ரெண்டரைதானே” என்றாள் மனைவி. சரி என்று உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அம்மா ஆரம்பித்தாள். இது எந்த ஆஸ்பத்திரி, என்னை எதற்குச் சேர்க்கிறீர்கள், எனக்கு என்ன வியாதி என்று அந்தக் கூடம் முழுவதும் கேட்கும் குரலில் கேட்டாள். பதில் சொன்னார். அரை நிமிடம் கழித்து மறுபடி அதையே கேட்டாள். எதிர் வரிசையில் வெயில் கண்ணாடி போட்ட ஒரு கூட்டம் சிரிப்பை அடக்கப் பார்த்தது. அவர்கள் வீட்டுச் சின்னப்பெண் அம்மா மாதிரியே குரலை நடுங்க வைத்து, “இது எந்த ஆஸ்பத்திரி?” என்றது. அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாம் வெடித்தது. அம்மாவும் ஒன்றும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கீழே சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். அவமானம் பிடுங்கித் தின்றது.

அவமானத்தில் மனிதன் என்னென்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. அவர் அம்மாவின் காதருகே குனிந்தார். “அம்மா, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன். இங்கேயே இரு” என்றார். அவள் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினாள். மனைவியிடம், நாற்காலி தள்ளுகிற ஆட்களிடம் பேசிவிட்டேன், துணி மாற்றிக் கூட்டி வருவார்கள் என்றார். பேசவில்லை. அவர்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால், அந்த ஈரத்துக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று கூடத்துக்கே தெரிந்துவிடும் அல்லவா? மனைவியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்கு வந்தார். பிறகுதான் அந்த மூன்று ‘டிங்’.

கப்பலுக்குள் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. தரையெல்லாம் மெத்துமெத்தென்று கம்பளம், கண்ணாடி லிஃப்ட், எங்கோ யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை அவர் போகிற பக்கமெல்லாம் வந்தது. தண்ணீர் வற்றிய இடத்தில் சேறு காயும்போது வருமே, அந்த வாடை. நின்றால் அதுவும் நின்றது. மூக்கைச் சுளித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் கூரையில் தொங்கிய விளக்கை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அத்தை வர இன்னும் நேரமாகும் என்று மனைவி சொன்னதற்கு, வேடிக்கையாக ஏதோ கேட்டதுபோலச் சிரித்துவிட்டு மூன்றாவது தம்ளரிலும் தண்ணீர் ஊற்றினார். இருவரும் எழுந்துபோய்த் தட்டில் எடுத்து வந்து பார்த்தபோது அந்தத் தம்ளர் காலியாக இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மூன்றாவது நாற்காலியின் மெத்தையில் கையை வைத்தார். நசநசவென்று ஈரம். சில்லென்றும் இருந்தது. கையை மேஜைத் துணியின் அடியில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு மனைவியை அறைக்குப் போகச் சொல்லிவிட்டுக் கீழே வாசலுக்கு இறங்கினார். அம்மாவின் கார்டு இவர் பையில் இருக்கிறது. கார்டு இல்லாமல் அவளை ஏற்ற மாட்டார்கள். சொல்ல வேண்டியதை லிஃப்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் அம்மா கார்டைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டேன், அவர் இன்னும் வெளியே இருக்கிறார். அவ்வளவுதான். மிஞ்சிப்போனால் ஒரு முறைப்பு முறைப்பார்கள். பாலத்தின் கண்ணாடி வழியாக எதிரே காத்திருப்புக் கூடம் பளிச்சென்று தெரிந்தது. சக்கர நாற்காலி மூலையில் அம்மாவின் நரைத்த தலை. அசையாமல் இருந்தது. எந்தப் பக்கம் மகன் போனானோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே காவலர்தான் இருந்தார். இவர் வாயைத் திறப்பதற்குள், “என்ன சார், அம்மாவைத் தேடுறீங்களா?” என்றார்.

“ஆமா. அவங்க...”

“உங்க பின்னாடிதானே சார் வந்தாங்க. உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்களே. எனக்கு எங்க அம்மா ஞாபகமே வந்துடுச்சு.”

அவருடைய கை தானாக முதுகுக்குப் போனது. இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு பிடி அளவுக்குச் சட்டை சுருங்கியிருந்தது. ஈரமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தலை. இந்தப் பக்கம் சிரித்த முகத்தோடு காவலர். பக்கத்தில் பெட்டியைப் பற்றி விசாரிக்க வந்த ஒரு ஜோடி, வெயில் கண்ணாடிக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான், இவரை அடையாளம் கண்டுகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கார்டை, டாக்டரை, ஈரத்தோடு விட்டுவிட்டு ஓடி வந்ததை. இருபத்தொன்பது வருட ரெஜிஸ்டர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“ஓ, அப்ப ரூமுக்குப் போயிருப்பாங்க” என்றார்.

திரும்பி நடக்கும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டரைக்கு எப்படியும் அம்மாவைப் பாலத்துக்குத் தள்ளிவருவார்கள். கார்டு எங்கே என்று கேள்வி வரும். அறைக்குப் போன் பண்ணுவார்கள். அப்போது, அடடா, உங்கள் ஆட்கள் தவறாகப் பதிந்துவிட்டார்களா என்று இவர் ஆச்சரியப்படலாம். தப்பு அவர்கள் தலையில் போய்விடும். நல்ல யோசனைதான். யோசித்த மனசை நினைத்து அவருக்கே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அறைக் கதவைத் திறந்தபோது மனைவி படுத்திருந்தாள். உதட்டில் விரலை வைத்துக் குளியலறையைக் காட்டினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.

“அத்தை குளிக்கிறாங்க. உள்ளே உட்கார்ந்து குளிக்க வசதி இருக்குல்ல” என்றாள்.

“நீ பார்த்தியா?”

“நான் வழி தெரியாம சுத்திட்டு வரும்போதே தண்ணி ஓடிட்டிருந்துச்சு. அத்தைன்னு கூப்பிட்டேன், ஆமான்னாங்க. ஏங்க, நீங்கதானே கூட்டிட்டு வந்து விட்டீங்க?”

அவள் எழுந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அங்கேயே விட்டுவிட்டு வந்ததில் தனக்கு மனசே ஆறவில்லை என்றாள். சாப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன், பெற்ற தாயை இப்படியா என்று. கீழே போனது அதற்குத்தான் என்று இப்போதுதான் புரிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடக் கல்யாணத்தில் அவள் இப்படிப் பார்த்ததே இல்லை.

“ஆமா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்” என்றார்.

அவள் நிம்மதியாகத் தூங்கிப்போனாள். அவர் குளியலறைக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சுவருக்குள் இருந்த குழாய் லேசாக முனகியது, தூரத்தில் ஏதோ ஒரு மோட்டார் ஓடி நின்றது, நடைபாதையில் குழந்தைகள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டரை ஆனது. போன் அடிக்கவில்லை. மூன்று ஆனது. மூன்றரை. கதவுக்கு அடியில் ஒரு விரல்கடை இடைவெளி, அதில் வெளிச்சம். வெளிச்சத்தின் நடுவே இரண்டு நிழல்கள். கால்கள்தான். கதவை ஒட்டி, இவரைப் பார்த்து நின்ற கால்கள். அம்மாவால் நாலு வருடமாகத் தனியாக நிற்க முடியாது. இவை ஒரு மணி நேரமாக நிற்கின்றன. அசையவில்லை.

எழுந்து போகலாம். கதவைத் தட்டலாம். மனைவியை எழுப்பலாம்.

எழுப்பி என்ன சொல்வது?

வாடை அறை முழுவதும் வந்துவிட்டது. சேறு. நாலு மணி. அவர் மூச்சை வாயால் விட்டார். கால்கள் நின்றன.

நாலரைக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. அவர் துள்ளி எழுந்து திறந்தார். வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி, கையில் பட்டியல். தொந்தரவுக்கு மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டாள். கூடத்தில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார்களாம். கார்டு இல்லை, பேர் சொல்லத் தெரியவில்லை, மகன் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறான் என்று மட்டும் சொல்கிறார்களாம். கப்பலின் கணக்குப்படி வர வேண்டிய எல்லோரும் உள்ளே வந்தாகிவிட்டது. அதனால் வழியனுப்ப வந்த யாரோ மறந்து விட்டுப் போன ஆளாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருந்தாலும் முகம் இந்த அறையின் பேரில் பதிந்த ஒரு படத்தின் சாயலில் இருக்கிறதாம்.

“ஒரு தடவை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார். உங்க அம்மா உங்ககூடத்தானே இருக்காங்க?”

மனைவி கண்ணைத் திறக்காமலே, “அத்தை குளிச்சிட்டிருக்காங்க” என்றாள். அதிகாரி அவளைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தாள். கையில் பேனா. இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஓடினால் மூன்று நிமிடத்தில் அம்மா முன்னால் போய் நிற்கலாம். இப்போது சொன்னால் மனைவி எழுந்து உட்கார்வாள். இந்தப் பெண்ணின் முகம் மாறும். இரண்டு பேரும் அவரைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நினைத்தார். அது மட்டும்தான் தடை. வேறு ஒன்றுமே இல்லை.

தண்ணீர் நின்றது.

“இருக்காங்க” என்றார்.

“இருக்கேன்” என்றது குளியலறை.

அம்மாவின் குரல்தான். ஆனால் நடுக்கம் இல்லை. தடுமாற்றம் இல்லை. முப்பது வருடத்துக்கு முந்திய குரல், கணீரென்று. அதிகாரி புன்னகைத்துப் பட்டியலில் ஒரு கோடு போட்டாள். பயணம் இனிமையாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. தரை மெல்ல அதிர்ந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் உள்பக்கமிருந்து விலகும் சத்தம் கேட்டது. அவர் பார்க்கவில்லை. பால்கனிக் கதவைத் தள்ளி வெளியே போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கோடு மாதிரித் தண்ணீர் தெரிந்தது. கோடு அகன்றது. கூடத்தைப் பூட்டிவிட்டார்கள் போலும். நாற்காலிகளை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எல்லாம் காலி. ஒன்றைத் தவிர.

அம்மா ஒவ்வொரு பால்கனியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, பொறுமையாக. கத்த வேண்டும். முதல் வரிசை. இரண்டாவது. மூன்றாவது. இவரிடம் வந்தாள். நின்றாள். அடையாளம் தெரிந்துவிட்டது. பேரையும் ஊரையும் மறந்தவள், அவ்வளவு தூரத்தில் மகனைக் கண்டுபிடித்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கி ஆட்டினாள். கோபம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

அவர் பின்னால் கம்பளத்தில் நசுக் நசுக்கென்று அடி விழுந்தது. ஒன்று. இரண்டு. பக்கத்தில் வந்து நின்றது. கம்பியில் இருந்த அவர் கைமேல் ஒரு கை படிந்தது. சில்லென்று. எலும்பே இல்லாததுபோல. விரல்களுக்கு நடுவே விரல்கள். கோர்த்துக்கொண்டது.

அவர் திரும்பவில்லை. கரையையே பார்த்தார்.

அம்மாவின் கை பாதியில் நின்றது. அவள் இப்போது மகனைப் பார்க்கவில்லை. அவன் பக்கத்தில் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. நிற்க முடியாதவள் நாற்காலிக் கைகளை ஊன்றி எழுந்தாள். விழுந்தாள். தரையில் கிடந்தபடியே இவரைக் காட்டி, அவனை விட்டுப் போ, போ, தள்ளிப் போ என்று கையை வீசினாள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் எட்டவில்லை.

அவர் பக்கத்தில் நின்றது தன் இன்னொரு கையை உயர்த்தி, அவளுக்கு நிதானமாக டாட்டா காட்டிக்கொண்டே இருந்தது.